அலமாரியில் உறங்கும் சிரிப்பு

உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின்வரும் வாரங்களில், பங்கிலுள்ள இல்லங்களை மந்திரிக்கும் பொருட்டு நாம் தெருத் தெருவாகச் செல்வது வழக்கம். அவ்வாறு சென்றபோது, ஓய்வு பெற்ற இரயில்வே ஊழியர் ஒருவரின் வீட்டில் செபம் முடிந்து தீர்த்தம் தெளித்தபின், பெரியவர் நம்மை உள்ளறைக்கு அழைத்துச் சென்று பழைய மர அலமாரி ஒன்றைத் திறந்து காட்டினார். அதன் மேல்தட்டில் முப்பதுக்குக் குறையாத வீடியோ கேசட்டுகள் அணிவகுத்து நின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஊதா மையினால், திருத்தமான கையெழுத்தில், 'லாரல் – ஹார்டி 1', 'லாரல் – ஹார்டி 2' என எண்ணிட்டிருந்தது. கப்பலில் வேலை பார்த்த தம்பி இங்கிலாந்திலிருந்து ஒவ்வொரு விடுமுறையின்போதும் வாங்கி வந்தவை என்றார்.

"டெக் ஓடி எத்தனையோ வருஷம் ஆகிறது, சாமி. மருமகள் இதையெல்லாம் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடலாம் என்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது, வீட்டில் இடமில்லை. பேரனோ, 'தாத்தா, இதெல்லாம் போனிலேயே வருகிறதே' என்கிறான். என்ன செய்யலாம், நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார் பெரியவர்.

ஒரு வார்த்தையில் கூறக்கூடிய விடை அப்போது நம்மிடம் இல்லை. பிறகு சொல்கிறோம் என்று கூறி வந்துவிட்டோம். அவருக்கு நாம் கடன்பட்ட அவ்விடையே இக்கட்டுரை. அவரது அலமாரியைப் போன்ற அலமாரிகள் இன்னும் பல வீடுகளில் உண்டு என்பதால், பிறருக்கும் இது பயன்படக் கூடும்.

இருவர் ஒருவரான கதை

ஒல்லியாய், தலைமயிர் குத்திட்டு, அழுவதற்கு எந்நேரமும் ஆயத்தமாய் நிற்பவர் ஸ்டான் லாரல். பருத்த உடலும் சிறு மீசையும் கொண்டு, கழுத்துப்பட்டையின் நுனியை விரலால் சுழற்றி நாணுபவர் ஆலிவர் ஹார்டி. இவ்விருவரையும் அறியாத முதியோர் நம்மிடையே குறைவு. ஆனால் அவர்களது வரலாற்றை அறிந்தோர் அதனினும் குறைவு.

லாரலின் இயற்பெயர் ஆர்தர் ஸ்டான்லி ஜெபர்சன். இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள உல்வர்ஸ்டன் என்னும் ஊரில் 1890ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் பிறந்தார். தந்தை நாடகக் கொட்டகை நடத்தியவர். 1910ஆம் ஆண்டு பிரெட் கார்னோவின் நாடகக் குழுவில் ஒருவராக அமெரிக்கா சென்றார். அதே குழுவில் முதன்மை நடிகராக இருந்தவர் சார்லி சாப்ளின். அவர் நடிக்க இயலாத நாளில் அவருக்குப் பதிலாக மேடையேற ஆயத்தமாயிருந்தவர் லாரல்.

ஹார்டி, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஹார்லெம் என்னும் சிற்றூரில் 1892ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நார்வெல். அவர் பிறந்த ஆண்டிலேயே தந்தை ஆலிவர் இறந்தார். அத்தந்தையின் பெயரையே பின்னாளில் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். மில்லெட்ஜ்வில் என்ற ஊரின் திரையரங்கில் படம் ஓட்டும் வேலை பார்த்தவர், திரையில் கண்ட நடிகர்களை விடத் தம்மால் நன்றாக நடிக்க இயலும் என்று எண்ணி நடிக்கப் புறப்பட்டார்.

இவ்விருவரும் கலிபோர்னியாவின் கல்வர் நகரில் ஹால் ரோச் என்பாரின் படப்பிடிப்பு நிலையத்தில் தனித்தனியே சம்பளத்துக்கு நடித்து வந்தனர். 1927ஆம் ஆண்டில் இவர்கள் இணையாக உருப்பெற்றனர். அவ்விணையின் ஆற்றலைக் கண்டுகொண்டு வளர்த்தவர்களுள் முதன்மையாகக் குறிப்பிடப்படுபவர் லியோ மெக்கேரி. 1944ஆம் ஆண்டில் ஒரு பங்குக் குருவைக் கதைத்தலைவராக்கி, 'கோயிங் மை வே' என்னும் படத்தை எடுத்து ஆஸ்கார் பரிசு பெற்றவரும் இவரே என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்வு தரும் செய்தி.

இருவரும் சேர்ந்து தோன்றிய படங்கள் மொத்தம் 107. அவற்றுள் பேசாத குறும்படங்கள் 32, பேசும் குறும்படங்கள் 40, முழுநீளப் படங்கள் 23. எஞ்சிய 12 படங்களில் சிறப்புத் தோற்றம் மட்டுமே. லாரல் திரைக்குப் பின்னாலும் உழைத்தார். நகைச்சுவைக் காட்சிகளைப் புனைவதிலும், எடுத்த படத்தை வெட்டித் தொகுப்பதிலும் அவர் கையே மேலோங்கி நின்றது. அவ்வேலை நடக்கும் நேரத்தில் ஹார்டி கோல்ப் ஆடச் சென்றுவிடுவார். ஆயினும் இருவருக்குமிடையே பூசல் எழவில்லை.

படிக்கட்டும் பியானோவும்

இவர்களது நகைச்சுவையின் இயல்பை அறிய ஒரு படம் போதும். 1932ஆம் ஆண்டு வெளிவந்த 'தி மியூசிக் பாக்ஸ்' அது. ஒரு பெரிய பியானோப் பெட்டியைக் குதிரை வண்டியில் ஏற்றிவந்து, குன்றின் மேலுள்ள ஒரு வீட்டில் சேர்க்க வேண்டும். கதை அவ்வளவே. எதிரே நிற்பதோ நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட படிகள். அப்படிக்கட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இன்றும் உள்ளது. மக்கள் அதனைத் தேடிச் சென்று காண்கின்றனர்.

பெட்டியை மூச்சுத் திணற ஏற்றுகிறார்கள். குழந்தை வண்டியோடு ஓர் ஆயா எதிர்ப்படுகிறாள். பெட்டி உருண்டு கீழே போகிறது. மீண்டும் ஏற்றுகிறார்கள். காவலர் ஒருவர் அழைக்கிறார். மீண்டும் பெட்டி கீழே போகிறது. வழிவிடச் சொல்லிப் பேராசிரியர் ஒருவர் சீறுகிறார். கடைசியில் ஒருவாறு உச்சியை அடைந்தபோது, அங்கு வரும் தபால்காரர், அந்தப் பக்கமாக வண்டிப்பாதை ஒன்று உண்டே, அதன் வழியாக வந்திருக்கலாமே என்கிறார். உடனே இருவரும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பெட்டியைத் திரும்பவும் படி வழியாகக் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, அந்தப் பாதை வழியாக மேலே கொண்டு வருகிறார்கள்!

செய்ததைத் திரும்பிப் பாராமல் செய்யும் நம் வாழ்க்கையில் இத்தகைய பியானோப் பெட்டிகள் எத்தனை! சிரித்து முடித்த பிறகே அது நம் நெஞ்சில் தைக்கிறது. குறும் நகைச்சுவைப் படத்துக்கென அவ்வாண்டு முதன்முதலாக அளிக்கப்பட்ட ஆஸ்கார் பரிசு இப்படத்துக்கே கிடைத்தது.

வீட்டுக்குள் வந்த திரையரங்கு

இனி, இப்படங்கள் பெரியவரின் அலமாரிக்கு எவ்வழியாக வந்தன என்பதைப் பார்ப்போம்.

திரையரங்குகளுக்கான படச்சுருள் 35 மில்லிமீட்டர் அகலமுடையது. 1950களின் தொடக்கம் வரையில் அது நைட்ரேட் என்னும் பொருளால் செய்யப்பட்டு வந்தது. எளிதில் தீப்பற்றும், காலப்போக்கில் பிசுபிசுத்துப் பின் பொடியாகும் தன்மையுடையது அது. ஆகவே அதனை வீட்டில் வைத்திருப்பது இயலாத காரியம். தீப்பற்றா வகையில் 1923இல் 16 மில்லிமீட்டர் சுருளும், 1932இல் 8 மில்லிமீட்டர் சுருளும் வந்த பின்னரே வீட்டில் படம் காண்பது இயல்வதாயிற்று. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்னும் ஊரிலிருந்த பிளாக்ஹாக் பிலிம்ஸ் என்ற நிறுவனம் லாரல் – ஹார்டி படங்களை இச்சிறு சுருள்களில் அச்சிட்டு அஞ்சல் வழியே விற்றது. சுவரில் வெள்ளைத் துணி விரித்து, சிறு கருவியில் சுருளை மாட்டி, பிள்ளைகளைச் சுற்றி அமர்த்திப் படம் காட்டிய தந்தையர் பலர். இப்படங்களின் முதல் வீட்டுச் சேகரிப்புகள் அவையே.

1950களில் தொலைக்காட்சி பரவியபோது இப்படங்கள் அதில் மீண்டும் மீண்டும் காட்டப்பட்டன. புதிய தலைமுறை ஒன்று இவர்களை விரும்பலாயிற்று. ஆனால் அதனால் இருவருக்கும் ஒரு காசும் வரவில்லை. அவர்கள் சம்பளத்துக்கு நடித்தவர்கள். படங்களின் உரிமை அவர்களுடையதன்று. விளம்பரங்களுக்கு இடம் விடுவதற்காகப் படங்கள் கண்டபடி வெட்டப்பட்டதைத் தம் வீட்டுத் தொலைக்காட்சியில் கண்டு லாரல் வருந்தினார். தாம் நாள்கணக்கில் அமர்ந்து அளந்து தொகுத்த படத்தை எவரோ ஒருவர் கத்தரிப்பதைக் காண்பது எத்தகைய வேதனை!

1975இல் பீட்டாமாக்ஸ் நாடாவும், 1976இல் வி.எச்.எஸ். நாடாவும் வந்தன. நம் நாட்டில் 1980களில் 'டெக்' என்னும் பெயரில் அது வீடு புகுந்தது. சொந்தமாக டெக் வாங்க இயலாதோர் ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்து, தெருவையே கூட்டி வைத்துப் பார்த்த காலம் அது. அமெரிக்க நாடாக்கள் நம் டெக்கில் சரிவர ஓடா. அந்நாட்டு முறை வேறு. இங்கிலாந்தின் முறையும் நம் முறையும் ஒன்றாகையால், பெரியவரின் தம்பி கொண்டுவந்த நாடாக்கள் இங்கே ஓடின.

பிறகு தகடுகளின் காலம் வந்தது. 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 21 தகடுகள் அடங்கிய ஒரு பெரும் தொகுப்பு வெளிவந்தது. 2011இல் அமெரிக்காவில் 10 தகடுகளில், 1929 முதல் 1940 வரையிலான அவர்களது பேசும் படங்களின் தொகுப்பு ஒன்று வந்தது. 2020ஆம் ஆண்டு, யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத் திரைப்படக் காப்பகத்திலும் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்திலும் இருந்த மூலச் சுருள்களின் துணைகொண்டு செப்பனிடப்பட்ட படங்கள் ப்ளூ-ரே தகட்டில் வெளிவந்தன. 1927ஆம் ஆண்டுப் பேசாப் படங்கள் 2023இல் செப்பனிடப்பட்டுத் தனித்தொகுப்பாக வந்தன. அமெரிக்கச் சட்டப்படி அப்படங்கள் பொதுவுடைமையானதும் அதே ஆண்டின் முதல் நாளில்தான்.

தொலைந்த சுருள் கிடைத்த வரலாறு

சேகரிப்பு என்பது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோருக்கு ஒரு வரலாற்றைக் கூற விரும்புகிறோம்.

1927ஆம் ஆண்டின் கடைசி நாளில் 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி' என்றொரு படம் வெளிவந்தது. இரண்டு சுருள்கள், ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும் படம். வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்த ஒரு மிட்டாய்க்கடை வண்டிக்காரர் வீசிய ஒரு பண்டத்தில் தொடங்கி, தெரு முழுவதும் ஒருவர் முகத்தில் ஒருவர் பாலேடு தடவிய பண்டங்களை வீசியடிக்கும் பெரும் போர் அதன் இரண்டாம் சுருளில் வருகிறது. மூவாயிரம் பண்டங்கள் அதற்குச் செலவாயின என்பர். புகழ்மிக்க அச்சுருள் காணாமற் போயிற்று. 1957ஆம் ஆண்டு இராபர்ட் யங்சன் என்பவர் பழைய நகைச்சுவைப் படங்களைத் தொகுத்தபோது, அதிலிருந்து சில நிமிடங்களை மட்டும் தம் படத்தில் சேர்த்திருந்தார். உலகம் பல்லாண்டுகள் கண்டது அச்சில துண்டுகளையே.

2015ஆம் ஆண்டில், ஜான் மிர்சாலிஸ் என்னும் சேகரிப்பாளர், மறைந்த மற்றொரு சேகரிப்பாளரின் சுருள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்து வருகையில், ஒரு 16 மில்லிமீட்டர் சுருளில் அந்த இரண்டாம் பகுதி முழுமையாக இருக்கக் கண்டார். யங்சனிடம் ஒரு காலத்தில் இருந்த சுருள் அது. ஒருவர் பாதுகாத்து, அவருக்குப்பின் மற்றொருவர் பாதுகாத்து, மூன்றாமவர் கண்ணில் பட்டது. நடுவில் எவரேனும் ஒருவர், 'இடத்தை அடைக்கிறதே' என்று வீசியிருந்தால் அது மறைந்தே போயிருக்கும். அப்படத்தின் ஒரு சிறு காட்சி இன்றும் கிடைக்கவில்லை.

எல்லாப் படங்களும் இவ்வாறு தப்பிப் பிழைத்தன அல்ல. அதே 1927இல் எடுக்கப்பட்ட 'ஹாட்ஸ் ஆஃப்' என்ற படத்தில் இருவரும் ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தை இதே படிக்கட்டில் தூக்கிச் சென்றனர். பியானோப் படத்துக்கு வித்து அதுவே. அது இன்றுவரை கிடைக்கவில்லை. 1930இல் வந்த 'தி ரோக் சாங்' என்னும் வண்ணப்படத்தில் எஞ்சியவை சில துண்டுகளே. அவர்களது முதல் பேசும் படத்தின் ஒலி, அக்கால வழக்கப்படி, தனி இசைத்தட்டில் பதிக்கப்பட்டிருந்தது. அத்தட்டுகள் கிடைக்காமல், பேசும் படமே பல்லாண்டுகள் ஊமைப்படமாகக் கிடந்து, 1970களின் பிற்பகுதியில் அவை கிடைத்த பின்னரே மீண்டும் பேசியது.

சிரிப்புக்கென விடப்பட்ட இடைவெளி

இப்போது பேரனின் கேள்விக்கு வருவோம். கைப்பேசியில் இப்படங்கள் கிடைப்பது உண்மையே. ஆயினும் அவற்றுள் பல, எவரோ ஓரிடத்தில் வெட்டிய துண்டுகள். சிலவற்றில் ஊமைப்படம் தவறான வேகத்தில் ஓட, மனிதர்கள் எறும்புபோல் விரைகின்றனர். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு 1980களில் இயந்திரத்தால் பூசப்பட்ட வண்ணம் சிலவற்றில் காணப்படுகிறது.

இதனினும் பெரியதொரு காரணமும் உண்டு. "படம் மெதுவாகப் போகிறது, சாமி" என்று பேரன் நம்மிடம் கூறினான். அவன் கூறியது பிழையன்று. அக்காலத்தில் லாரல் – ஹார்டி படத்தை எடுத்து முடித்ததும், முதலில் ஒரு திரையரங்கில் மக்கள் முன் ஓட்டிப் பார்ப்பர். எங்கே சிரிக்கிறார்கள், எத்தனை நேரம் சிரிக்கிறார்கள் என்று கவனிப்பர். அச்சிரிப்பொலியில் அடுத்த பேச்சு அமிழ்ந்துவிடாதபடி, அவ்விடத்தில் இடைவெளி விட்டுப் படத்தைத் தொகுப்பர். தலையில் செங்கல் விழுந்தபின் ஹார்டி நம்மைத் திரும்பிப் பார்த்து நெடுநேரம் பேசாதிருக்கிறாரே, அது நாம் சிரித்து முடிப்பதற்காக அவர் காத்திருக்கும் நேரம்.

தனியே ஒரு மூலையில் அமர்ந்து கைப்பேசியில் பார்ப்பவனுக்கு அவ்விடைவெளி வெறுமையாய்த் தோன்றுகிறது. நாலு பேர் கூடியிருந்து சிரித்தால் அது நிரம்பிவிடுகிறது. 1980களின் இறுதியில் நாம் சிறிய குருமடத்தில் பயின்றபோது, அதிபர் தந்தையின் நாமத் திருநாளன்று வாடகை டெக்கில் ஒரு லாரல் – ஹார்டி படம் போட்டார்கள். பெஞ்சுகளில் நெருக்கியடித்து அமர்ந்திருந்த அறுபது மாணவரின் சிரிப்பில் ஆங்கிலப் பேச்சு ஒன்றும் நம் காதில் விழவில்லை; விழுந்திருந்தாலும் நமக்கு அன்று புரிந்திராது. எனினும் படம் மெதுவாகப் போகிறது என்று எவரும் கூறவில்லை. எந்நேரமும் கடுமையாக இருக்கும் அதிபர் தந்தை, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணீரைத் துடைத்ததை அன்றுதான் முதன்முறையாகக் கண்டோம்.

பெற்றோருக்கு ஒரு சொல். இப்படங்கள் பெரும்பாலும் வீட்டில் அனைவரும் கூடிக் காணத்தக்கவை. ஆயினும் அக்காலத்தின் குறைகள் சிலவற்றில் உண்டு. 1931இல் வந்த 'பார்டன் அஸ்' படத்தில் இருவரும் முகத்தில் கரி பூசிக் கறுப்பின மக்களிடையே ஒளிந்திருக்கும் காட்சி வருகிறது. அதுபோன்ற இடங்களில் படத்தை நிறுத்தி, நிறத்தால் மனிதரை எள்ளுவது ஏன் தவறு என்று பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது நலம்.

கோவ் துறைமுகத்தின் மணிகள்

1940இல் இருவரும் ஹால் ரோச்சின் நிலையத்தை விட்டு வெளியேறினர். அதன்பின் வேறு நிறுவனங்களில் எடுத்த படங்களில் அவர்களுக்குப் பழைய உரிமை தரப்படவில்லை. 1951இல் வந்த கடைசிப் படமும் எடுபடவில்லை. உடல் தளர்ந்த நிலையில், மேடையில் நடித்துப் பிழைப்பதற்காக 1953ஆம் ஆண்டு மீண்டும் கடல் கடந்தனர்.

அவ்வாண்டு செப்டம்பர் 9ஆம் நாள் காலை, அவர்கள் வந்த கப்பல் அயர்லாந்தின் கோவ் துறைமுகத்தை அடைந்தது. தங்களை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள் என்ற எண்ணத்தோடு வந்தவர்கள், கரையில் திரண்டிருந்த பெருங்கூட்டத்தையும், ஊதல் ஒலித்து வரவேற்ற படகுகளையும் கண்டு திகைத்தனர். அவ்வேளையில் துறைமுகத்துக்கு மேலே குன்றின்மீது நிற்கும் புனித கோல்மன் பேராலயத்தின் கோபுர மணிகள் ஒலிக்கத் தொடங்கின. மணிகள் இசைத்தது அவ்விருவரின் படங்களுக்கு முன்னால் வரும் குயில் இசையை! பேராலயத்தின் மணியிசைஞர் ஸ்டாப் ஜெப்ரூர்ஸ் அவர்களை அவ்வாறு வரவேற்றார். லாரலும் ஹார்டியும் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணீர் விட்டனர் என்று பின்னாளில் லாரலே கூறியிருக்கிறார். பிறகு பேராலயத்துக்கே ஏறிச் சென்று அம்மணியிசைஞருக்கு நன்றி கூறினர்.

திருப்பலிக்கும் மூவேளைச் செபத்துக்கும் துக்கத்துக்கும் ஒலிக்கும் மணி, இரு கோமாளிகளுக்காகவும் ஒலித்ததே, முறையா என்று எவரேனும் கேட்கலாம். ஏழை எளியவரை ஆண்டுக்கணக்கில் சிரிக்க வைத்தவர்களுக்கு ஒரு பேராலயம் செய்த நன்றி அது என்பதே நம் எண்ணம்.

ஹார்டி 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் இறந்தார். நோயுற்றிருந்த லாரலால் அடக்கத்துக்குச் செல்ல இயலவில்லை. அதன்பின் எத்தனையோ பேர் அழைத்தும் அவர் மீண்டும் நடிக்கவில்லை. கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்கா நகரில் ஒரு சிறு குடியிருப்பில் வாழ்ந்து, முன்பின் அறியாதோர் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் விடை எழுதினார். அவரது தொலைபேசி எண் எல்லாரையும் போல் தொலைபேசிப் புத்தகத்திலேயே இருந்தது. 1965ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் அவரும் மறைந்தார்.

பெரியவருக்கு நமது விடை

இத்தனையும் எண்ணிப் பார்த்தபின் நாம் பெரியவரின் வீட்டுக்கு மீண்டும் சென்றோம். கேசட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசைமீது பரப்பினோம். அப்போதுதான் பின்வரிசையில் இருந்த நான்கு கேசட்டுகள் கண்ணில் பட்டன. 'பெரியவள் திருமணம்', 'புதுநன்மை 1992', 'வேளாங்கண்ணி' என்று மூன்றில் எழுதியிருந்தது. நான்காவதில் 'அம்மா' என்று மட்டும் இருந்தது. பெரியவரின் மனைவி இறந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் அழைத்த பெயராலேயே அவரும் மனைவியை அழைத்து வந்தார்.

லாரல் – ஹார்டியின் படங்களைக் காப்பதற்குப் பல்கலைக்கழகங்கள் உண்டு, நூலகங்கள் உண்டு, கடல் கடந்த சேகரிப்பாளர்கள் உண்டு. 'அம்மா' என்னும் கேசட்டுக்கு உலகில் இந்த ஓர் அலமாரியன்றி வேறு காப்பகம் இல்லை. அதற்குப் படி இல்லை. ஆகவே நாம் கூறிய முதல் விடை, இந்நான்கையும் முதலில் காப்பாற்றுங்கள் என்பதே.

வாசகர்களுக்கும் அதையே கூறுகிறோம். வீடியோ நாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக்கில் பூசப்பட்ட காந்தத் துகள். வெப்பமும் ஈரமும் அதன் பகைவர். உள்ளே வெண்மையாகப் பூஞ்சை படர்ந்த கேசட்டை எக்காரணம் கொண்டும் டெக்கில் போடாதீர்கள். நாடாவும் பாழாகும், கருவியும் பாழாகும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். டெக் தயாரித்து வந்த கடைசி நிறுவனம் எனப்பட்ட ஜப்பானின் ஃபுனாய் 2016ஆம் ஆண்டு சூலையோடு அதனை நிறுத்திவிட்டது. ஓடும் நிலையிலுள்ள கருவிகள் நாளுக்கு நாள் குறைகின்றன. ஆகையால், கேசட்டைக் கணினிக் கோப்பாக மாற்றித் தரும் ஒளிப்பதிவு நிலையங்கள் உங்கள் ஊரிலோ அருகிலுள்ள நகரிலோ இருக்கும்போதே அதனைச் செய்துவிடுங்கள். படி ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று எடுத்து, வெவ்வேறு பிள்ளைகளின் வீடுகளில் வையுங்கள்.

நகைச்சுவைப் படங்களைப் பொறுத்தவரை, செப்பனிட்ட தகடுகளே பார்வைக்குச் சிறந்தவை. வெளிநாட்டு உறவினரிடம் டி.வி.டி. வாங்கி வரச் சொல்வோர், அதன் வட்டார எண்ணைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டுக்குரியது 5, இங்கிலாந்துக்குரியது 2, அமெரிக்காவுக்குரியது 1. எல்லா எண்ணையும் ஏற்கும் கருவி இருந்தால் கவலை இல்லை.

மருமகளே நான்கு கேசட்டுகளையும் பையில் போட்டு நகரத்துக்கு எடுத்துச் சென்றார். 'வேளாங்கண்ணி' பூஞ்சையால் பாழாகிவிட்டது. மற்ற மூன்றும் தேறின. ஒரு ஞாயிறு மாலை, அக்குடும்பத்தார் நம்மையும் அழைத்திருந்தனர். பேரன் முதலில் 'தி மியூசிக் பாக்ஸ்' படத்தைத் தொலைக்காட்சியில் போட்டான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து தரையில் அமர்ந்திருந்தனர். தபால்காரர் பாதையைக் காட்ட, இருவரும் பெட்டியைத் திரும்பவும் கீழே இறக்கத் தொடங்கியதும், எல்லாரையும் முந்திக்கொண்டு சிரித்தவர் மருமகள்தாம். மெதுவாகப் போகிறது என்று பேரன் அன்று கூறவில்லை.

அதன்பின் 'அம்மா' கேசட்டைப் போட்டார்கள். முற்றத்தில் முறம் வைத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, படம் பிடிப்பதைக் கண்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மாமியாரைச் சுவரிலுள்ள புகைப்படத்தில் மட்டுமே கண்டிருந்த மருமகள், "அத்தைக்கு இப்படிச் சிரிப்பு வருமா மாமா?" என்று கேட்டார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. அவருக்காக நாங்கள் எல்லாரும் சற்று நேரம் காத்திருந்தோம்.